பெல்லோவின் இருபத்தாறு பாத்திகள்

வெர்னா ஸ்ட்ரௌட் யாரையாவது மன்னித்தாள் என்று எங்கள் ஊரில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. கோரிங்கலில் ரொட்டிக்கடை இரண்டு. பாலத்தடியில் இருக்கும் கடைக்காரி ஒருமுறை முந்தின நாள் ரொட்டியைப் புதுசு என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து பதினெட்டு வருடமாக, மழையானாலும் வெயிலானாலும், அந்தக் கடை வாசலைத் தாண்டி மேலும் அரை மைல் நடந்து இன்னொரு கடையில்தான் வாங்குகிறாள். போகும்போது பாலத்தடிக் கடைக்காரிக்குக் கையசைத்து வணக்கம் சொல்லவும் தவறுவதில்லை. ஒரு ரொட்டிக்கே இப்படி என்றால், கார்த் பெல்லோ அவளுக்குச் செய்தது ரொட்டி விஷயம் அல்ல.

வெர்னாவும் அவள் கணவன் டெஸ்ஸும் விரிகுடாவில் சிப்பி வளர்த்தவர்கள். அரசாங்கத்திடம் குத்தகைக்கு எடுத்த நீர்ப்பரப்பு, மரச் சட்டங்கள், தட்டுகள், ஒரு தட்டைப் படகு. விதை போட்டு, தட்டு மாற்றி, புரட்டி, கழுவி, ஒரு சிப்பி விற்பனைக்கு வர நாலு வருடம் பிடிக்கும். டெஸ்ஸின் துணிகளில் ஏறிய வாடை மற்ற துணிக்குப் பரவாமலிருக்க அவள் தனியாகத்தான் துவைப்பாள். குத்தகை போன பிறகும் ஒரு வருடம் வரை அவன் துணியைத் தனியாகவே துவைத்துக்கொண்டிருந்தாள், கை பழக்கத்தில்.

குத்தகை போன கதை இதுதான். ஒன்பது வருடத்துக்கு முன்னால், விரிகுடாவுக்கு மேலே இருக்கும் மேட்டைப் பெல்லோ வாங்கினான். பெலிகன் ஹைட்ஸ் என்று பெயர் வைத்து, ஒரு மரம் விடாமல் வழித்து, மனை பிரித்தான். வெறும் மண்ணாகக் கிடக்கும் மேட்டைச் சுற்றி மண் தடுப்புத் துணி கட்ட வேண்டும் என்று அப்போதே விதி இருந்தது. துணியும் கட்டியிருந்தார்கள். அது நாலு நாளாகச் சாய்ந்து கிடந்ததை யாரும் நிமிர்த்தவில்லை. மார்ச் மாதம் மூன்று நாள் விடாமல் மழை. மேடு அப்படியே கரைந்து, வடிகால் வழியாக வந்து, ஸ்ட்ரௌட் குடும்பத்துச் சட்டங்களின் மேல் படிந்தது. தட்டுகளைத் தூக்கிப் பார்த்தபோது ஓடுகளுக்குள் கஞ்சி மாதிரி களிமண். நாலு வருடப் பயிர்.

அதைக்கூட அவள் விழுங்கியிருப்பாளோ என்னவோ. விழுங்க முடியாதது அடுத்த மாதம் ஊர் மண்டபத்தில் நடந்தது. கவுன்சில் கூட்டிய கூட்டம். வெர்னா எழுந்து, எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். பெல்லோ முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் முடித்ததும் திரும்பிப் பார்த்துச் சொன்னான்.

"சிப்பி சேத்துலதான அம்மணி வளருது? கொஞ்சம் கூடப் போட்டுட்டோம்னு நெனச்சுக்கங்களேன்."

மண்டபம் சிரித்தது. பாதிப் பேர் கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுச் சிப்பியைத் தின்றவர்கள். பெல்லோவுக்குக் கிடைத்த தண்டனை ஒரு எச்சரிக்கைக் கடிதம். டெஸ் குத்தகையை விட்டு, படகையும் விற்றுவிட்டு, கூட்டுறவு மீன்கடையில் கல்லாவுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தான். வேறு ஆற்றில் விளைந்த சிப்பியைக் கத்தியால் நெம்பித் திறந்து, சுற்றுலாக்காரர்களுக்குத் தட்டில் அடுக்கும் வேலை.

வெர்னா கவுன்சிலுக்குப் போனாள். சண்டைக்கு அல்ல, வேலைக்கு. நாற்பத்தைந்து வயதில், பூங்காவில் களை பிடுங்கும் குழுவில், ஒளிரும் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு. சனிக்கிழமைகளில் பக்கத்து நகரத்துக் கல்லூரியில் மழைநீர் பற்றிப் படித்தாள். ஊரமைப்புத் திட்டத்தைத் திருத்துகிறோம், கருத்துச் சொல்லுங்கள் என்று கவுன்சில் கூப்பிட்ட ஒவ்வொரு கூட்டத்துக்கும் போனாள். எட்டுப் பேர், ஆறு பேர், ஒருமுறை அவளும் டீ போடுகிறவளும் மட்டும். அந்தத் திருத்தத்தில்தான் புது விதி வந்தது. இனி போடும் எந்தத் தெருவும் தன் மழைத்தண்ணீரை நேராக விரிகுடாவுக்கு அனுப்பக் கூடாது. தெருவின் ஓரமெல்லாம் மழைப்பாத்தி வைக்க வேண்டும். ரோட்டைவிட ஒரு சாண் தாழ்வாக, மணல் நிரப்பி, நாணல் நட்டு. விளிம்புக் கல்லில் விட்ட வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, எண்ணெய், டயர் தூள், நாய்க் கழிவு எல்லாவற்றையும் மணலில் விட்டுவிட்டு, சுத்தமாகக் கீழே போக வேண்டும். இரண்டு வருடம் மனை போட்டவன் பராமரிக்க வேண்டும். பிறகு கவுன்சில் பரிசோதித்து எடுத்துக்கொள்ளும். அதுவரை கடைசிப் பகுதி வீடுகளில் குடியேறச் சான்றிதழ் கிடையாது.

அந்தப் பரிசோதனை தண்ணீர் லாரியைக் கொண்டுவந்து ரோட்டில் ஊற்றிப் பார்த்துத்தான் நடக்க வேண்டும், காகிதத்தில் அல்ல, என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னது வெர்னா. சேர்த்தார்கள்.

பெல்லோ மேட்டின் மூன்றாம் பகுதியைக் கட்ட வந்தபோது விதி அவனுக்காகக் காத்திருந்தது. வெர்னாவும் காத்திருந்தாள். அதற்குள் அவள் மழைநீர்ப் பரிசோதகர் ஆகியிருந்தாள்.

முதல் வசந்தத்தில் அவள் போய்ப் பார்த்தபோது பாத்திகள் இருபத்தாறும் போட்டு முடிந்திருந்தன. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மண் வெறும் களி. பூச்செடி வைக்கிறவர்கள் எல்லோரும் பாத்தியைக் கூட்டித்தான் வைப்பார்கள், கேக் மாதிரி மேடாக. மேலே மரப்பட்டைச் சீவலைக் கெட்டியாகப் பரப்புவார்கள். தாழ்ந்த பாத்தி சோம்பேறியின் பாத்தி. பெல்லோவின் மனைவி ரோஜாக் கண்காட்சியில் வருடா வருடம் பரிசு வாங்குகிறவள். பெல்லோ அமர்த்திய பொறியாளர் வரைபடத்தில் பள்ளம் போட்டுத்தான் கொடுத்திருந்தார். வேலையாட்களும் பள்ளமாகத்தான் வைத்தார்கள். விளம்பரத்துக்குப் படம் எடுக்க வந்த நாளில், என்ன இது குழி குழியாக, யாரோ புதைக்கப் போகிற மாதிரி, என்று அந்தம்மாள் மூக்கைச் சுளிக்க, பெல்லோ பத்து லாரி மண்ணும் சீவலும் இறக்கி இருபத்தாறையும் அழகாகக் கூட்டிவிட்டான்.

பாத்தி விளிம்புக் கல்லின் வாயைவிட இரண்டு விரல்கடை உயரம். தண்ணீர் வாய்வரை வரும், மேட்டைப் பார்க்கும், திரும்பி வடிகாலுக்கு ஓடும்.

வெர்னா முதல் பாத்தியின் அருகில் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்தாள். அடுத்ததையும் பார்த்தாள். மேஸ்திரி டாரல் பின்னாலேயே வந்து, எல்லாம் சரிதானா என்று கேட்டான். நல்ல பையன். அன்றைக்கே சொல்லியிருந்தால் நாலு ஆள் மண்வாரியோடு அரை நாளில் வழித்தெடுத்திருப்பார்கள்.

"ரொம்ப அழகா இருக்குன்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்க," என்றாள் வெர்னா.

முதல் வருடப் படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான். செடிகள் வேர் பிடித்துள்ளனவா? பிடித்துள்ளன என்று எழுதினாள். பொய்யில்லை. படிவம் கேட்டபடி ஒவ்வொரு பாத்தியையும் படம் எடுத்தாள். பிறகு விரிகுடாவைப் பார்த்து வண்டியை நிறுத்தி, இறைச்சி அடைத்துச் சுட்ட ரொட்டி ஒன்றை வாங்கிக் கடைசித் துணுக்கு வரை தின்றாள். அவ்வளவு ருசியாக எதையும் தின்று பல வருடம் ஆகியிருந்தது.

இரண்டு வருடம். மழை பெய்யும் போதெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போவாள். தண்ணீர் வாய்வரை வருவதையும் திரும்புவதையும் பார்ப்பாள். ஒவ்வொரு மழையிலும் பெல்லோ கொட்டிய மண் கரைந்து மணலுக்குள் இறங்கி இறுகிக்கொண்டே வந்தது. நாணல் வேர் அதை இன்னும் இறுக்கியது. இனி மண்வாரி போதாது. மேலே உள்ள மண், கீழே உள்ள மணல், குழாய், எல்லாவற்றையும் தோண்டிப் போட்டுவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். அவளுக்கு அது ஒரு ரொட்டி உப்புவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

க்ளாரி பௌடிச் அந்த நாட்களில் அடிக்கடி வீட்டுக்கு வருவான். டெஸ்ஸுக்குப் பள்ளித் தோழன், பக்கத்துக் குத்தகைக்காரன். சேறு வந்த வருடம் அவன் சட்டங்கள் நீரோட்டத்தின் மறுபுறம் இருந்ததால் பிழைத்துக்கொண்டான். மழை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், சிப்பி எடுக்கக் கூடாது என்று விரிகுடாவை மூடிவிடுவார்கள். தண்ணீரையும் சிப்பியையும் சோதித்து, சுத்தம் என்று வந்தால்தான் திறப்பார்கள். முன்னெல்லாம் நாலு நாளில் திறந்தது இப்போது பத்து நாளாகிறது, பன்னிரண்டு நாளாகிறது, மேட்டில் அவ்வளவு பாத்தி வைத்த பிறகும் ஏன் இப்படி என்று அவன் சமையலறை மேசையில் உட்கார்ந்து புலம்புவான். வெர்னா அவன் கோப்பையில் டீயை ஊற்றிவிட்டு, பால் போதுமா என்று கேட்பாள். அவன் போன பிறகு கோப்பையைத் தேவைக்கு அதிகமாகத் தேய்த்துக் கழுவுவாள். இன்னும் கொஞ்சம்தான், என்று நினைத்துக்கொள்வாள். இன்னும் ஒரு குளிர்காலம்.

பாத்திகளைக் கவுன்சிலிடம் ஒப்படைக்கும் நாள் வெயில் நாளாக இருந்தது. பெல்லோ சுத்தமான பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தான். கவுன்சில் பொறியாளர் ஹெடி லிண்ட்னர் கையில் ரசமட்டம். மேட்டின் உச்சியில் தண்ணீர் லாரி நின்றது. அந்த நிமிடத்தில் பெல்லோவிடம் சொல்வதற்காக வெர்னா ஒன்பது வருடமாகக் குளியலறையில் வசனம் தயாரித்து வைத்திருந்தாள். நல்ல வசனங்கள். டெஸ் கதவுக்கு வெளியிலிருந்து சிலவற்றைக் கேட்டிருக்கிறான்.

லாரிக்காரன் திறந்துவிட்டான். தண்ணீர் ரோட்டோரமாக இறங்கி வந்தது. முதல் பாத்தியின் வாயைத் தொட்டது, திரும்பியது. இரண்டாவது. மூன்றாவது. பெல்லோ கூடவே நடந்து வந்தான். ஏழாவது பாத்தியில் நடையைக் குறைத்தான். பன்னிரண்டாவதில் குனிந்து, மேட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தான். இருபத்தாறையும் தாண்டி, அத்தனை தண்ணீரும் வடிகாலில் விழுந்தது. அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

ஹெடி ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். தயாரித்த வசனமெல்லாம் மறந்து, வெர்னா பேனாவைத் திறந்தாள். படிவத்தில் இருபத்தாறு கட்டத்திலும் ஒவ்வொன்றாக, நிதானமாக, பேனாவை அழுத்திக் குறுக்குக்கோடு போட்டாள். பெல்லோ அவள் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது. அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றிப் பிற்பாடு கேட்டவர்களிடம் அவள் மறைக்கவில்லை. என் கல்யாண நாளைவிட நன்றாக இருந்தது என்றாள். டெஸ் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னாள்.

பெல்லோ சும்மா இருக்கிற ஆள் அல்ல. கவுன்சிலில் முறையிட்டான். அவனுடைய வக்கீல் பழைய கோப்புகளைக் கேட்டு வாங்கினார். அதில் முதல் வசந்தத்தில் வெர்னா எடுத்த படங்கள் இருந்தன. இருபத்தாறு பாத்தி, இருபத்தாறு மேடு, மூலையில் தேதி.

அதே ஊர் மண்டபம். இந்தத் தடவை நிற்க இடமில்லை. வீட்டுக்குக் காத்திருப்பவர்கள் ஒரு பக்கம், சிப்பிக்காரர்கள் ஒரு பக்கம். வக்கீல் படத்தைப் பெரிதாகச் சுவரில் காட்டினார். பாத்தி உயரமாக இருப்பதை அன்றைக்கே பார்த்தீர்களா என்று கேட்டார்.

"பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"படிவத்துல கேக்கல." மண்டபம் சலசலத்தது. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். சட்டப்படி அவள் மேல் தப்பில்லை என்று ஹெடி முன்பே சொல்லியிருந்தாள். ஆனால் வெர்னா பெல்லோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அரை நாள்ல சரி பண்ணிட்டுப் போயிருப்பாரு."

பெல்லோ எழுந்தான். அவன் குரல் ஏறவில்லை. "ரெண்டு வருசம் பெய்ஞ்ச மழையெல்லாம் விரிகுடாவுக்குத்தான் போச்சு. இவங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. இதுல யாரு பாழாக்குனது, நீங்களே சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது வரிசையில் க்ளாரி ரப்பர் பூட்ஸோடு உட்கார்ந்திருந்ததை வெர்னா அப்போதுதான் கண்டாள். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு, வழியிலிருந்த முழங்கால்களை விலக்கி, வெளியே போனான்.

தீர்ப்பு எப்படியும் ஒன்றுதான் இருக்க முடியும். வரைபடம் பள்ளம் என்றது, பெல்லோ மேடு வைத்தான். இருபத்தாறையும் தோண்டிப் புதிதாக வைக்க வேண்டும், அதுவரை சான்றிதழ் இல்லை. பாத்தியின் மட்டத்தைப் போட்ட நாளிலேயே அளந்து எழுத வேண்டும் என்று படிவத்தில் ஒரு வரி சேர்ந்தது. வெர்னா பரிசோதகர் வேலையிலிருந்து எடுக்கப்பட்டு, மறுபடி களை பிடுங்கும் குழுவுக்கு அனுப்பப்பட்டாள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு மஞ்சள் சட்டையை வாங்கிக்கொண்டாள். மலிவான பேரம் என்றே நினைத்தாள்.

வீட்டில் டெஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். அவள் தானாகவே ஆரம்பித்தாள். உனக்காகவும்தான் செய்தேன், வேறு ஆற்றுச் சிப்பியை நீ திறந்து வைப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன் என்றாள்.

"என்னைக் கேட்டியா?" என்றான் டெஸ். அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டே, "எனக்கு அந்தக் கடை புடிச்சிருக்கு வெர்னா. கையில கீறல் விழுது, அவ்வளவுதான். நாலு பேரோட பேசலாம். ஒன்பது வருசமா உன்கிட்ட சொல்லப் பயந்துட்டு இருந்தேன்."

அன்று கிழங்கை யாரும் வேகவைக்கவில்லை.

மறுநாள் காலை அவள் க்ளாரியின் கொட்டகைக்குப் போனாள். அவன் மேசையில் சிப்பிகளைக் குவித்து அளவு பிரித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவள் எதிர்ப்பக்கம் நின்று, கை பழக்கத்தில், அவளும் பிரிக்க ஆரம்பித்தாள். பெரியது இந்தப் பக்கம், சின்னது அந்தப் பக்கம்.

"எத்தனை தடவை மூடுனாங்க, தெரியுமா?" என்று க்ளாரி கேட்டான்.

"பதினாலு."

"பதினேழு. மூணு தடவை நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்த."

அவள் கையை நிறுத்தினாள். "உன்னை நான் நெனக்கவே இல்ல க்ளாரி. சத்தியமா. அவனை மட்டுந்தான் நெனச்சேன்."

"அதத்தான் பெல்லோவும் சொல்றான். உங்களையெல்லாம் அவன் நெனக்கவே இல்லையாம்." அவன் அவள் பக்கமிருந்த குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "நீ தப்பாப் பிரிக்கிற. இப்ப அளவெல்லாம் மாறிப்போச்சு."

அதற்குப் பிறகு க்ளாரி அந்தச் சமையலறைக்கு வரவில்லை. டெஸ் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு படகில் போகிறான், கூலி வாங்காமல். யாரும் அவனை அனுப்பவில்லை.

பெல்லோ இலையுதிர்காலம் முழுக்கத் தோண்டினான். மூன்றாம் பகுதியில் மனை வாங்கியவர்கள் அவன் அலுவலக வாசலில் நின்று கத்தியதையும், அவன் மனைவி அந்த வருடம் ரோஜாக் கண்காட்சிக்கு வராததையும் ஊர் பேசியது. பதினோராவது பாத்தியில் குழாய் உடைந்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்ததாம். வெர்னா ஒவ்வொரு செய்தியையும் கேட்டு வைத்துக்கொண்டாள். புதுப் பாத்திகளில் நாணல் நடும் வேலை களைக் குழுவுக்கே வந்தது. இருபத்தாறிலும் அவள் முழங்கால் போட்டு நட்டாள். நடும்போது மட்டப்பலகையை வைத்து, ஒரு சாண் தாழ்வா என்று ஒவ்வொன்றிலும் பார்த்தாள். அது இப்போது அவள் வேலை அல்ல.

ஜூன் மாதம், குளிர்காலம் தொடங்கியதும், முதல் பெருமழை வந்தது. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனாள். பெல்லோவின் பிக்கப் வண்டி எட்டாவது பாத்தியை ஒட்டி, ரோட்டோரத்தில் நின்றது. அவனும் பார்க்கத்தான் வந்திருந்தான். துடைப்பான் ஓட, உள்ளே உட்கார்ந்திருந்தான். ஒன்பது வருடத்தில் அவன் தலை முழுக்க நரைத்திருந்தது. அவளுக்கு அதில் ஒரு துளி பரிதாபமும் வரவில்லை. வருகிறதா என்று தேடியும் பார்த்தாள்.

ரோட்டில் கருப்பாக, எண்ணெய் மினுங்கிக்கொண்டு, தண்ணீர் இறங்கி வந்தது. ஏழாவது பாத்தியின் வாயில் வளைந்து, உள்ளே விழுந்து, நாணல்களுக்கிடையில் பரவி நின்றது.

பெல்லோ கண்ணாடியை இறக்கினான். "இப்ப சந்தோஷமா அம்மணி?"

வெர்னா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியின் முன்சக்கரத்தைப் பார்த்தாள்.

"வண்டியத் தள்ளி நிறுத்துங்க. சக்கரம் எட்டாவது வாய மறிச்சுட்டு நிக்குது."

அவன் கண்ணாடியை ஏற்றினான். பிறகு வண்டியைக் கிளப்பி, பத்தடி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். பின்சக்கரம் இப்போது வாயில் நின்றது. அவள் அங்கேயும் நடந்து போய், இன்னும் கொஞ்சம், என்று கையைக் காட்டினாள்.